ஈரம் கேட்கும் மரம்

பெண் பார்க்கப் போனபோதுகூடத் தன் தம்பி இவ்வளவு யோசிக்கவில்லை என்று அண்ணன்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தம்பி கப்பலில் இன்ஜினியர். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவன் கப்பல்காரன்தான். வீட்டுத் தரைக்கு மரம் போடுவது என்று முடிவானதும் மாதிரிப் பலகைகளை வாங்கி வந்து, அந்த லீவு முழுக்க அவற்றோடு குடும்பம் நடத்தினான். ஒன்றின் மேல் சாவிக்கொத்தைத் தூக்கிப் போட்டான். இன்னொன்றை நாற்காலிக் காலால் இழுத்துக் கீறினான். மற்றொன்றின் நடுவில் நாணயம் ஒன்றை வைத்துப் பால்கனி வெயிலில் போட்டுவிட்டு, சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தான். நாணயம் இருந்த இடம் மட்டும் வெளிறியிருந்தது. சுற்றிலும் பலகை ரத்தச் சிவப்பாகக் கறுத்திருந்தது.

"பாத்தீங்களா அண்ணி, வெயில் பட்டா இது முத்தும். மத்த மரமெல்லாம் வெளுக்கும். இது வயசாக வயசாக அழகாகும்," என்று கீழ் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான்.

அந்த அண்ணியை எல்லோரும் லாண்டரிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் தரைத்தளத்தில் அவளுக்கு ஒரு துவைப்புக் கடை. முதல் மாடியில் அவளும் புருஷனும், அதற்கு மேல் மாடியில் கப்பல்காரனும் அவன் மனைவியும். அந்த அண்ணன்காரர்தான் அவள் புருஷன்; டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், எதற்கும் சிரிப்பவர். கடை இருந்த இடம் கப்பல்காரன் பேரில் இருந்தது. "சும்மாதானே கிடக்கு அண்ணி, வெச்சுக்கோங்க," என்று கொடுத்திருந்தான். கொடுத்ததை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவன் சொல்லிக் காட்டவில்லை என்பதை அவள் புருஷன்தான் மாசத்துக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுவார்.

அவளுக்குக் கப்பல்காரனைத் தெரிந்த அளவு அவன் மனைவிக்குத் தெரியாது. கோபம் வந்தால் அவன் கத்தமாட்டான். கத்தினால் தேவலை. பெற்ற தாய் அவனுடைய தூண்டில் கோலைத் தெரியாமல் மிதித்து ஒடித்துவிட்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்தியவன் அவன். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மருந்து, மாத்திரை, தலையணை எல்லாம் பார்த்துக்கொண்டான். நர்ஸிடம் பேசினான், டாக்டரிடம் பேசினான். "ஒரு வார்த்தை பேசுடா," என்று அந்த அம்மா கையைப் பிடித்தபோது, அவள் கையை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டான். அடுத்த வாரம் அவள் போய்ச் சேர்ந்தாள். லாண்டரிக்கா அதைக் கட்டிலின் மறுபக்கம் நின்று கண்ணால் பார்த்தவள்.

மரம் வந்து இறங்கியது. பேர் என்னவோ பிரேசிலியன் செர்ரி. செர்ரிப் பழத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தரை போட வந்த ஃப்ளோரிங்காரர் சொன்னார். பெட்டிகளைப் பிரித்து ஹாலில் அடுக்கி, கட்டைகளுக்கு நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டு, சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டுக் காற்று மரத்துக்குப் பழக வேண்டுமாம். பழகிக்கொண்டிருக்கும்போதே கப்பல்காரனுக்கு அவசர அழைப்பு வந்து அவன் கிளம்பிவிட்டான். போகும்போது மனைவியிடம், "வேலை முடிஞ்சதும் அவர் எப்படிப் பாத்துக்கணும்னு சொல்லுவார். அட்சரம் பிசகாம கேட்டுக்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சின்னவள் என்று வீட்டில் கூப்பிடும் அவன் மனைவி தலையாட்டினாள். ஆனால் அறுக்கிற தூள் பறக்க ஆரம்பித்ததும் அவளுக்கு மூச்சு இழுத்தது. சாவியை ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டுத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். "அக்கா, நான் இங்க இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நேர்ல நின்னு பாத்தேன்னே சொல்லிக்கிறேன்," என்று போனில் கெஞ்சினாள்.

அவள் நல்லவள்தான். வாயும் மனசும் ஒன்று. மனசில் பட்டது வாயில் வந்து விழும்; விழுந்த இடத்தை அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

வேலை முடிந்த அன்று ஃப்ளோரிங்காரர் லாண்டரிக்காவை ஹால் நடுவில் நிறுத்தினார். வயதானவர், முட்டிக்கு ரப்பர் உறை கட்டியிருந்தார். காகிதத்தில் எழுதிக் கொடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "பேப்பர் அலமாரிக்குப் போயிடும்மா. காதுல போட்டாத்தான் கைக்கு வரும்," என்றார்.

"தண்ணிதான் இதுக்கு எமன். காய்ஞ்ச துணி போதும். பிசுக்கு இருந்தா, ஒட்டப் பிழிஞ்ச துணியால துடைச்சு உடனே காய்ஞ்ச துணி. வினிகர், எலுமிச்சை, சோப்புத்தூள் எதுவும் கிட்ட வரக்கூடாது. ஆவி அடிச்சுத் துடைக்கற மாப்பு இருக்கே, அது வேண்டவே வேண்டாம். ரப்பர் அடி வெச்ச, கால் துடைக்கற மிதியடி போடக்கூடாது, கறை ஏறிடும். எங்க, திரும்பச் சொல்லுங்க பாக்கலாம்."

லாண்டரிக்கா ஒப்பித்தாள். ஒன்றும் விடவில்லை. "சரியான ஆள்கிட்டதான் விட்டுட்டுப் போயிருக்காங்க," என்று அவர் சந்தோஷமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அப்போது அவள் மனசில் ஒன்றும் இல்லை. சத்தியமாக இல்லை. சின்னவள் வந்ததும் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள்.

சின்னவள் வந்தாள். தரையைப் பார்த்துக் கைதட்டினாள். மறுநாளே சொந்தக்காரர்களையும் கட்டடத்துக்காரர்களையும் தேநீருக்குக் கூப்பிட்டுவிட்டாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே விழுந்து தரை தணல் மாதிரி கிடந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏதோ ஆற்றில் இறங்குகிற மாதிரிப் பாதம் பாதமாக எடுத்து வைத்தார்கள். லாண்டரிக்கா கடையை அடைத்துவிட்டுக் கடைசியாக ஏறி வந்தாள். நாள் முழுக்க ஈரச் சிமெண்டில் நிற்கிற கால். குதிகாலில் கோடையில் ஏரி வறண்ட மாதிரி வெடிப்பு.

அவள் உள்ளே ஒரு காலை வைக்கும்போது சின்னவள் ஹால் நடுவிலிருந்து கத்தினாள்.

"ஐயோ அக்கா, நில்லுங்க நில்லுங்க! உங்க குதிகால் பட்டா அரம் போட்டு ராவின மாதிரி ஆயிடும்! அந்த பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கிட்டு வாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் புருஷன்தான் பெரிதாகச் சிரித்தார். "வீட்ல நானும் அதான் சொல்றேன், என் போர்வையெல்லாம் நூல் நூலா வருது!" என்றார். சின்னவளே ஓடிப்போய் ஒரு ஜோடி ரப்பர் செருப்பை எடுத்து வந்து, சிரித்துக்கொண்டே குனிந்து, அவள் கால்முன் வைத்தாள். அந்தச் சிரிப்பில் விஷம் ஒரு சொட்டும் இல்லை. இருந்திருந்தால் லாண்டரிக்கா பதிலுக்கு ஒன்று சொல்லித் தீர்த்திருப்பாள். வெறும் கால் நடமாட்டத்துக்கு நடுவே அவள் ஒருத்தி மட்டும் ‘சொத் சொத்’ என்று நடந்து போய் மூலை நாற்காலியில் உட்கார்ந்து தேநீரைக் குடித்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அடுத்த நாள் காலை சின்னவள் கடைக்கு வந்தாள். "அக்கா, அந்த ஃப்ளோரிங்காரர் என்ன சொன்னார்? எப்படித் துடைக்கணுமாம்?"

லாண்டரிக்கா ஒரு சட்டையின் காலரில் ஆவி பாய்ச்சிக்கொண்டிருந்தாள். இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். அவள் வாய் தானாகத் திறந்தது.

"அது மழைக்காட்டு மரமாம்மா. வருஷமெல்லாம் மழையில நின்னது. மீனைத் தண்ணியிலேருந்து எடுத்தா என்னாகும்? அந்த மாதிரி. ஈரம் காட்டலேன்னா வெடிச்சுப் போயிடுமாம்."

"அப்படியா! நெட்ல வேற மாதிரி போட்டிருந்ததே?"

"அதெல்லாம் சாதா மரத்துக்கு. இது காட்டு மரம். தினம் நல்லா தண்ணி விட்டுத் துடைக்கணும். வாரத்துக்கு ரெண்டு தரம் ஆவி. தண்ணியில ஒரு மூடி வினிகர். ஆவி மெஷினுக்கு நீ எங்க போவ? கடைலேருந்து என்னுதை எடுத்துக்க."

"கறை, துணி, ஆவியில உங்களுக்குத் தெரியாததா அக்கா!" சின்னவள் அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுவிட்டு, மெஷினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

லாண்டரிக்கா மாடிப்படியைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இஸ்திரியை எடுத்தாள். காலர் முடிந்தது, கை மடிப்பு முடிந்தது, கூப்பிடவில்லை. அன்று மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

அதற்கப்புறம் அது அவளுக்கு ஒரு வளர்ப்புப் பிராணி மாதிரி ஆகிவிட்டது. காலையில் மேல் மாடியிலிருந்து வாளி இழுக்கிற சத்தம் கேட்டால், கீழே படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஆவி மெஷின் சீறுகிற சத்தம் கேட்டால் புருஷனுக்கு இன்னொரு கப் காப்பி கிடைக்கும். வாரம் ஒருமுறை மேலே போய்ப் பார்ப்பாள். முதலில் பளபளப்பு மங்கி, தரைமேல் பால் சிந்தித் துடைத்த மாதிரி ஒரு படலம். "மேல் தோல் உரியுது, உள்ளேருந்து நிஜப் பளபளப்பு வரும்," என்றாள். பிறகு பலகைகளின் ஓரங்கள் மெல்ல எழும்பின. வெறுங்காலால் நடந்தால் ஒவ்வொரு இணைப்பும் தட்டுப்பட்டது. "மரம் மூச்சு விடுது," என்றாள். ஜன்னலோரம் கறுப்பாகப் புள்ளி வந்தபோது சின்னவள் முகம் வாடிவிட்டது.

"அக்கா, எனக்கென்னவோ பயமா இருக்கு. அவருக்கு வீடியோல காட்டும்போது தூரத்துலேருந்துதான் காட்டறேன். ஃப்ளோரிங்காரரைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. கூப்பிட்டா அவர் நேரா உன் புருஷனுக்குத்தான் போன் போடுவார். நீ அன்னைக்கு இங்க இல்லைங்கறது வெளிய வரும். பரவாயில்லையா?"

சின்னவள் கூப்பிடவில்லை. இன்னும் அதிகமாக ஈரம் காட்டினாள். ரப்பர் அடி வைத்த மிதியடி ஒன்றை லாண்டரிக்காவே வாங்கி வந்து கறுப்புப் புள்ளிகளின் மேல் போட்டு மூடினாள்.

கப்பல்காரன் வந்தான்.

பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். பிறகு முழங்காலிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, பலகைகளுக்குக் குறுக்கே வைத்து உருட்டினான். அது ஒவ்வொரு மேட்டிலும் முட்டி நின்றது. மிதியடியைத் தூக்கினான். கறுப்பு, அதைச் சுற்றி ரப்பர் ஒட்டிய மஞ்சள் சதுரம். எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, சின்னவளைப் பார்க்காமல், பின்னால் நின்ற லாண்டரிக்காவிடம் திரும்பினான்.

"அண்ணி, அவகிட்ட சொல்லுங்க. மரம் இருக்கற இடத்துல இனிமே அவ கால் படக்கூடாது."

சின்னவள் அவனுக்கு எதிரே கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றாள். "என்னங்க, நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க அண்ணி," என்றான் அவன்.

லாண்டரிக்கா சொன்னாள்.

அந்த வீட்டில் டைல்ஸ் இருந்தது சமையலறையில். அதை ஒட்டி வாஷிங் மெஷின் வைக்கிற சின்னப் பின்பால்கனியில். அதன் மூலையில் இருந்த ஒண்டிக் கழிவறையில். சின்னவள் குடித்தனம் அதற்குள் வந்துவிட்டது. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே பாயை விரித்தாள். சமைத்துச் சமையலறை வாசற்படியில் வைப்பாள். அவன் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவான். வெளியே போவதென்றால் ஹாலைத் தாண்ட வேண்டும். அதனால் அவள் வெளியே போகவில்லை. ஈரக் காற்றில் மூச்சு இழுத்தது. கொய்ங் கொய்ங் என்று கேட்கும்போது அவன் டிவி சத்தத்தைக் கூட்டுவான்.

அண்ணன்காரர் ஒரு தடவை மேலே போய், "விடுடா, தரைதானே," என்று சிரித்துப் பார்த்தார்.

"தரைதான். அப்ப உன் தரையில கொண்டுபோய் வெச்சுக்க. துணிமணியெல்லாம் கட்டித் தரேன்," என்றான் தம்பி. அவர் இறங்கி வந்துவிட்டார். அன்றைக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை.

லாண்டரிக்காதான் தூது. தினமும் போவாள். "அண்ணி, சோறு குழைஞ்சிருக்குன்னு சொல்லுங்க." "அண்ணி, இருமறதா இருந்தா பால்கனி கதவைச் சாத்திக்கிட்டு இருமச் சொல்லுங்க." அவன் சொன்னது சின்னவள் காதிலும் விழுந்திருக்கும்; அதையே அவள் மறுபடியும் சொல்வாள். கொஞ்சம் உப்பு சேர்த்தே சொல்வாள். "உனக்கு அறிவே கிடையாதாங்கறார்மா," என்பாள். அவன் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். முன்னே நொடிக்கு ஒருதரம் சிரித்தவள் இப்போது கன்னம் ஒட்டி, பேச்சற்று, வெளிச்சத்தில் அகப்பட்ட பல்லி மாதிரி ஓரம் ஓரமாக நகர்ந்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று முதல் வாரம் நினைத்த லாண்டரிக்காவுக்கு, அதற்கப்புறம் பால் கொஞ்சம் திகட்டியது. போதும் என்று தோன்றியது. ஆனால் போதும் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் எங்கிருந்து தொடங்குவது?

கடைசியில் கப்பல்காரனே ஃப்ளோரிங்காரரைக் கூப்பிட்டான்.

அவர் வந்தபோது அவன் முன்பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு கப்பல் ஆபீஸோடு போனில் இருந்தான். லாண்டரிக்கா ஏதோ சேதி கேட்க மேலே ஏறி வந்தவள், உள்ளே பேச்சுக் குரல் கேட்டு வாசலில் நின்றாள். ஃப்ளோரிங்காரர் முழங்காலிட்டு ஒரு பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சின்னவள் சமையலறை வாசற்படியில் டைல்ஸ் முடிகிற இடத்தில் நின்றிருந்தாள்.

"என்னம்மா இது, குளத்துல ஊற வெச்ச மாதிரி ஆக்கிட்டீங்க? தண்ணி கிட்டயே வரக்கூடாதுன்னு சொன்னேனே. ஆவி போட்டீங்களா? வினிகர்? இந்த மஞ்சளைப் பாத்தா ரப்பர் மிதியடி. வேண்டாம்னு நான் சொன்னதை ஒண்ணுவிடாம செஞ்சிருக்கீங்களே!"

"யார்கிட்ட சொன்னீங்க?" என்றாள் சின்னவள்.

"கீழ் வீட்டு அம்மாகிட்ட. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். எழுத்துப் பிசகாம ஒப்பிச்சாங்க." நிமிர்ந்தவர் வாசலைப் பார்த்துவிட்டார். "இதோ, இவங்கதான். ஏம்மா, நான் சொன்னேனா இல்லையா?"

லாண்டரிக்கா ஒரு அடி பின்னால் வைத்தாள். சின்னவள் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முதலில் ஒன்றும் புரியாத ஒரு குழப்பம் இருந்தது. கணக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே வருவது முகத்தில் தெரிந்தது. மழைக்காடு, மீன், ஆவி மெஷின், மிதியடி. பிறகு முகம் மூடிக்கொண்டது.

பால்கனிக் கதவு திறந்தது. "என்ன சொல்றார்?" என்று கேட்டுக்கொண்டே கப்பல்காரன் வந்தான்.

ஃப்ளோரிங்காரர் ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தார். லாண்டரிக்காவுக்குக் கடை கண்முன் வந்தது. கடையை அடுத்து, போர்வைக்குள் கையை வைத்து மூடிய அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது.

சின்னவள்தான் பேசினாள். புருஷனிடம் நேராக, அத்தனை நாளில் முதல்முறையாக.

"இவர் சொன்னபோது நான் இங்க இல்ல. எங்கம்மா வீட்ல இருந்தேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். அக்கா எல்லாத்தையும் சரியாத்தான் சொன்னாங்க. நான்தான் காதுல வாங்கல."

கப்பல்காரன் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். பிறகு ஃப்ளோரிங்காரரிடம், "எல்லாத்தையும் பேத்துடுங்க. புதுசா போடலாம்," என்றான். அண்ணியிடம் திரும்பி, "பொய்யும் சேர்ந்துடுச்சுன்னு அவகிட்ட சொல்லுங்க," என்றான்.

அன்று அவன் வெளியே போனதும் லாண்டரிக்கா ஓடி வந்தாள். சமையலறையில் சின்னவள் காலடியில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "நீ மனுஷியே இல்லம்மா, தெய்வம். எனக்காக இப்படி... நான் பாவி..."

சின்னவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அழாதீங்கக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஏன்?"

லாண்டரிக்கா சொன்னாள். தேநீர், சாயங்காலம், வாசல், குதிகால், அரம், ரப்பர் செருப்பு. அத்தனை பேர் சிரித்தது. சொல்லும்போதே மறுபடியும் அதே சூடு காதுவரை ஏறியது.

சின்னவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"நானா? அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்லையேக்கா."

லாண்டரிக்கா அவள் கையை விட்டாள். இத்தனை மாதம் இரவும் பகலும் நெஞ்சில் வைத்து ஊதி ஊதி வளர்த்த நெருப்பு, மூட்டியவளுக்கே தெரியாத நெருப்பு. சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கா!" என்றாள். "சரி விடுங்க. புது மரம் பாக்கக் கடைக்குப் போறோமாம். நீங்களும் வரணும். நீங்க இல்லாம எனக்கும் அவருக்கும் யார் சேதி சொல்றது?"

ஹாலில் பழைய மரத்தைப் பேர்த்தெடுத்த பிறகு மூன்று பேரும் போன மரக்கடையில் சுவர் முழுக்கப் பலகைகள் நின்றன. தேன் நிறம், செம்பு நிறம், புலி வரி போட்டது. கப்பல்காரன் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே முன்னால் போனான். சின்னவள் கடைப் பையனைத் தனியாக நிறுத்தி, மெல்லிய குரலில், லாண்டரிக்காவுக்குக் கேட்கும்படி விசாரித்தாள்.

"தம்பி, இதுல தூசி ரொம்பத் தெரியற மரம் எது?"

"தெரியாததுதானே மேடம் கேப்பாங்க?"

"நான் தெரியறதைத்தான் கேக்கறேன்."

அவன் ஒரு பலகையைக் காட்டினான். ஏறக்குறையக் கறுப்பு, நடுவே காப்பி நிறத்தில் மயிரிழை வரிகள். "வெங்கேன்னு பேர். ஆப்பிரிக்க மரம். ராஜா மாதிரி இருக்கும். ஆனா ஒரு தலைமுடி விழுந்தாலும் காட்டிக்கொடுத்துடும். தினம் காய்ஞ்ச துணியால துடைச்சே ஆகணும், வரி போற வாக்குல. மாப்புக் குச்சி போட்டா கோடு தெரியும். கையாலதான்."

சின்னவள் அந்தப் பலகையை எடுத்து லாண்டரிக்கா கையில் கொடுத்தாள். "அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க. இதுதான் நம்ம வீட்டுக்கு எடுப்பா இருக்கும்னு. நீங்க சொன்னா கேப்பார்."

லாண்டரிக்கா நகரவில்லை.

"போங்கக்கா," என்றாள் சின்னவள். குரலில் கோபமே இல்லை. "இல்லேன்னா நானே அவர்கிட்ட பேசவேண்டி வரும். பேச ஆரம்பிச்சா எனக்கு எங்க நிறுத்தறதுன்னு தெரியாது. என் வாயைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே."

லாண்டரிக்கா போய்ச் சொன்னாள். கப்பல்காரன் பலகையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கண்ணில் பழைய ஆசை வந்தது. "அழகாத்தான் இருக்கு. ஆனா தினம் துடைக்கணுமே. இவளை நம்பியா?" சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசாமலேயே நிமிர்ந்து ஓரகத்தியைப் பார்த்தாள்.

"நான் பாத்துக்கறேன் தம்பி," என்றாள் லாண்டரிக்கா. தன் குரல் எங்கிருந்தோ வருகிற மாதிரி இருந்தது. "காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்து நானே துடைச்சுடறேன். அவகிட்ட விடவேண்டாம்."

"அண்ணின்னா அண்ணிதான்," என்றான் கப்பல்காரன்.

கறுப்புத் தரை வந்தது. புதுத் தரையின் சந்தோஷத்தில் கப்பல்காரன் மனைவியோடு பேச ஆரம்பித்தான். முதலில் ஒற்றைச் சொல்லாக, பிறகு முழு வாக்கியமாக. சின்னவளின் பாய் சமையலறையை விட்டுப் போனது. அவன் கப்பலேறினான்.

லாண்டரிக்கா தினமும் மேலே போனாள். மண்டியிட்டு, காய்ந்த துணியை மடித்துப் பிடித்து, வரி போகிற வாக்கிலேயே ஜன்னலிலிருந்து வாசல்வரை பின்னோக்கி நகர்வாள். முடித்து நிமிரும்போது வெயில் ஏறியிருக்கும். துடைத்த இடத்திலேயே தூசி மறுபடியும் மாவு தூவின மாதிரி உட்கார்ந்திருக்கும். சின்னவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாளும் கடிந்து பேசினதில்லை. "அக்கா, அங்க ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க," என்பாள். "அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்பாள். முன்னே மாதிரியே கன்னத்தைக் கிள்ளுவாள். சில நாள் பிஸ்கெட் தின்பாள், பொடி விழும், "அடடா," என்பாள்.

கடை திறக்க நேரமாகி, பழைய வாடிக்கைக்காரர்கள் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விட்டார்கள். அவள் புருஷன் கேட்டார்: "உனக்கென்ன தலையெழுத்தா? ஆள் வெச்சுத் துடைக்கச் சொல்லு." அவள் அவர்மேல் எரிந்து விழுந்தாள். "உங்க தம்பி கொடுத்த கடைதானே? நன்றி வேண்டாமா?" என்றாள். அவர் நாலு பேரிடம், "எங்க வீட்டு ஓரகத்திங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி மாதிரி," என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒருநாள் அவளுக்கு வலது முட்டி வீங்கிப் போய், காலை மடக்கவே முடியவில்லை. நொண்டி நொண்டி மேலே போய் வாசலில் நின்றாள்.

"இன்னைக்கு முடியலம்மா. விட்டுடேன். மொத்தமா விட்டுடேன். உன் காலைப் பிடிச்சுக்கிறேன்."

சின்னவள் அனுதாபமாக அவள் முட்டியைப் பார்த்தாள். போனை எடுத்தாள். மணி போனது. எங்கோ ஒரு கடலில் கப்பல்காரன் முகம் திரையில் வந்தது. "என்னங்க, அக்கா உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்," என்று சொல்லிவிட்டுப் போனை லாண்டரிக்காவின் கையில் கொடுத்துவிட்டு, தேநீர் போடச் சமையலறைக்குள் போனாள்.

"சொல்லுங்க அண்ணி," என்றான் அவன்.

லாண்டரிக்கா திரையைப் பார்த்தாள். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்று, அங்கே ஒருத்தி காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது.

"ஒண்ணுமில்ல தம்பி. நல்லாருக்கியான்னு கேக்கத்தான்."

"நல்லாருக்கேன். தரையைக் காட்டுங்களேன், பாத்து நாளாச்சு."

அவள் போனைத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹாலில் நடந்தாள்.

"கொஞ்சம் கீழ காட்டுங்க அண்ணி. இன்னும் கீழ."

அவள் சுவரைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வீங்கிய முட்டியை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். போனைப் பலகையோடு பலகையாக நகர்த்தினாள்.

"அந்த ஓரத்துல வெள்ளையா என்ன அது?"

"தூசி தம்பி," என்றாள் அவள். "இதோ எடுத்துடறேன்."